கிலோ என்ன ரேட்டு என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு வட்டாரத்தில் வீடு கட்டித் தரும் பொறியாளர்கள், ஆர்க்கிடெக்டுகள், இன்டீரியர் வேலை எடுக்கிறவர்கள், கோயில் திருப்பணிக் கமிட்டியார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் காங்கேயம் பக்கம் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களில் சில பேருக்கு என்னைத் தெரியும். கேட், மாடிப்படிக் கைப்பிடி, பழைய வீட்டுத் தாழ்ப்பாள், ஊஞ்சல் சங்கிலி, சாமிக்கு வேல் என்று, கேட்கிறவர்களுக்குத் தகுந்த மாதிரி செய்து தருகிற வேலை மட்டும்தான் இப்போது எடுக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் வேலை கேட்டு உங்கள் ஆபீஸ் வாசல்களில் நின்றவன், இன்றைக்கு மூன்று மாதத்துக்கான வேலையைக் கையில் வைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் உங்கள் மூலமாக வந்தது. அதை நான் மறக்கவில்லை. நேரில் பார்க்கும்போது டீ குடித்துவிட்டு, அளவு எடுத்துவிட்டு, அட்வான்ஸ் பேச்சில் தயங்கி, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வண்டியை எடுத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன தை மாதம் அவிநாசி பக்கம் ஒரு புது வீட்டுக்குப் புண்ணியார்ச்சனை. அந்த வீட்டு மாடிப்படிக் கைப்பிடி என் வேலை, நானும் என் தம்பியும் நாலு மாதம் செய்தது. கீழே ஒரு வேர் மாதிரி தரையிலிருந்து கிளம்பி, படிக்குப் படி இலை விட்டுக்கொண்டே போய், மேல் மாடியில் ஒரு மொட்டில் முடியும். வந்த ஒறம்பரை எல்லாரும் அதைத் தடவிக்கொண்டேதான் மேலே ஏறினார்கள். வயதான ஓர் அம்மா நின்று ஓர் இலையின் நரம்பை விரலால் தடவிப் பார்த்து, "இதை ஆருங் கண்ணு செஞ்சது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பொறியாளர், "நம்ம வெல்டர்தானுங்கம்மா" என்றார். நான் ஐந்தடி தள்ளி, பந்திக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் நல்ல மனிதர். அதற்கப்புறமும் எனக்கு இரண்டு வேலை கொடுத்தார். ஆனால் அந்தக் கைப்பிடி முழுக்க வெல்டிங் வைத்த இடம் 11 மட்டும்தான், மற்றதெல்லாம் உலையில் காய்ச்சி அடித்தது, பூண் போட்டு இறுக்கியது, ரிவெட் அடித்தது. வெல்டிங் தொழிலைக் குறைத்துச் சொல்லவில்லை. நானே கோவை கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருஷம் வெல்டிங் வைத்தவன், அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கை கல்யாணம் நடந்தது. ஆனால் செய்தவன் அங்கேயே நிற்கும்போது, "இந்தா இவருதானுங்கம்மா" என்று கையைக் காட்டியிருந்தால் அந்த அம்மா என்னிடம் நாலு வார்த்தை பேசியிருப்பார். எனக்கு அந்த நாலு வார்த்தை வேண்டும். கூலியில் சேராத கூலி அது.

சரி, கிலோ விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போனில் கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங்க, கிலோ என்ன ரேட்டு போடுவீங்க?" என்பதுதான். சதுரக் குழாயை வெட்டி ஒட்டுகிற கேட்டுக்கும் கிரில்லுக்கும் கிலோக் கணக்கு சரிதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். உலையில் காய்ச்சிச் சுத்தியலால் அடிக்கிற அடிவேலைக்கு அந்தக் கணக்கு எப்படித் தப்பு என்று ஓர் இலையை வைத்துச் சொல்கிறேன்.

12 மில்லி சதுரக் கம்பி. முனையை உலையில் வைத்து புளோயரைத் திறந்தால் முதலில் கறுப்பு, அப்புறம் காய்ந்த மிளகாய்ச் சிவப்பு, அப்புறம் பழுத்த மாம்பழ நிறம். ஆயிரம் டிகிரிக்கு மேல் போனால்தான் அந்த நிறம் வரும். எங்களுக்கு மீட்டர் இல்லை, கண்தான். அதையும் தாண்டி வெளுத்துப் பொறி பறக்க ஆரம்பித்தால் கம்பி எரிகிறது என்று அர்த்தம், அந்த முனையை வெட்டிப் போட வேண்டியதுதான். மாம்பழ நிறத்தில் எடுத்துப் பட்டடையில் வைத்து முனையைக் கூராக்க வேண்டும். அடுத்த காய்ச்சலில் பின்பக்கம் காம்பை இழுக்க வேண்டும். அதற்கடுத்ததில் நடுவைத் தட்டி அகலமாக்க வேண்டும். அப்புறம் மொட்டை உளியால் நடு நரம்பு, இரண்டு பக்கமும் கிளை நரம்பு. கடைசியாக ஒரு காய்ச்சல் கொடுத்து, வேப்பங்கட்டையில் குழி செதுக்கி வைத்திருக்கிறோம், அதன் மேல் வைத்து வளைக்க வேண்டும். இலை மெலிய மெலிய சூடு நிற்காது. உலையிலிருந்து எடுத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் கறுத்துவிடும். கறுத்த பிறகு ஆசைப்பட்டு ஓர் அடி சேர்த்துப் போட்டால் விளிம்பு கீறிவிடும், அரை மணி வேலை போச்சு.

இப்படிச் செய்த ஓர் இலை நூறு கிராம்கூட வராது. கிலோவுக்கு 200 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் இலைக்கு 20 ரூபாய். அரை மணி நேரம், இரண்டு ஆள், கரி, கரண்ட். அந்தக் கைப்பிடியில் 62 இலை.

இன்னொன்றும் இருக்கிறது. மெல்லிசாக அடித்தால்தான் இலை உயிரோடு இருக்கும். மெல்லிசாக அடிக்க அடிக்க எடை குறையும். ஒவ்வொரு காய்ச்சலிலும் மேலே கறுப்புச் செதில் உரிந்து விழும், அதுவும் எடைதான். அதாவது நான் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறேனோ அவ்வளவு குறைவாகக் காசு வரும், மொத்தையாக விட்டால் அதிகக் காசு வரும். கிலோ ரேட்டில் வேலை பிடித்த நாளில் நானே மொத்தையாக விட்டிருக்கிறேன். பல்லடம் ரோட்டில் அப்படி ஒரு கேட் இன்றைக்கும் நிற்கிறது, அந்த வழியாகப் போகும்போது மனது கூசும்.

நகைக்கடைக்குப் போகிறோம். தங்கத்துக்கு ஒரு விலை, செய்கூலி தனி, சேதாரம் தனி. பில்லில் மூன்றும் தனித்தனியாக இருக்கும். நம் ஊரில் பெண்ணைக் கட்டிக் கொடுத்த எந்தத் தகப்பனுக்கும் அந்தக் கணக்கு தெரியும், யாரும் அதைக் கேட்டு அதிர்ச்சி ஆவதில்லை. சேலத்துக் கொலுசு வாங்கினாலும் கூலி தனிதான். இரும்புக்கும் பித்தளைக்கும் அதே கணக்கைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சரக்கு இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று நான் எழுதித் தருகிற எஸ்டிமேட்டை வீட்டுக்காரரிடம் அப்படியே காட்டுங்கள். மொத்தத்தை எடையால் வகுத்து, "கிலோ இவ்ளோ சொல்றாப்ல, ஜாஸ்தி" என்று சொல்லாதீர்கள். நான் நேரில் போய் விளக்கின வீடுகளில் இதுவரை ஒருவர்கூட கணக்கு புரியவில்லை என்று சொன்னதில்லை.

எங்கள் அய்யன், அதாவது என் அப்பா காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. அவருக்குக் காசாக வந்தது கொஞ்சம்தான், களத்தில் நெல்லும் சோளமும் அளந்து போடுவார்கள். ஏருக்குக் கொழு அடிப்பார், மம்முட்டிக்கு முனை வைப்பார், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலையின் சாலுக்கு வளையம் போடுவார். அவர் செய்ததில் நான் கண்கொட்டாமல் பார்த்தது வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா மாட்டுகிற வேலை. கயிற்றால் சக்கரத்தைச் சுற்றி அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்து இரும்புப் பட்டாவை வளைத்து ஒட்டுவார். பட்டாவைத் தரையில் போட்டு மேலும் கீழும் வறட்டி அடுக்கித் தீ வைத்தால் வட்டமாக எரியும். சிவக்கும்போது இரும்பு விரியும். மூன்று பேர் மூன்று பக்கம் கொறடு போட்டுத் தூக்கிவந்து மரச் சக்கரத்தின் மேல் இறக்க, குப்பென்று புகை எழும்பும், அய்யன் "ஊத்து, ஊத்து" என்று கத்துவார், அம்மாவும் நானும் குடத்துத் தண்ணீரைச் சுற்றி ஊற்றுவோம். இரும்பு சுருங்கி இறுக்கும்போது ஆரக்கால்கள் ஒவ்வொன்றும் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் போய் உட்காருகிற சத்தம் கேட்கும், கிர்ர் என்று. ஓர் ஆணி கிடையாது.

1930களில் நீலகிரி பைக்காராவிலிருந்து கரண்ட் கோயம்புத்தூருக்கு வந்ததிலிருந்து மெதுமெதுவாக மோட்டார் வந்து கவலை இறைப்பு போயிற்று. டயர் வண்டி வந்து பட்டா போயிற்று, டிராக்டர் வந்து கொழு போயிற்று. யார் மேலும் தப்பு இல்லை, மாடும் மனுஷனும் பட்ட பாடு குறைந்தது. ஆனால் பட்டறை சாத்திக் கிடந்தது. நான் கணபதிக்குப் போனது அப்போதுதான்.

திரும்பி வந்தது ஒரு தாழ்ப்பாளால். வெள்ளகோவில் பக்கம், நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பித்தார்கள். பெரிய கதவின் தாழ்ப்பாளும் நாதாங்கியும் துருவேறி உடைந்திருந்தன. கோவையிலும் ஈரோட்டிலும் கடை கடையாகத் தேடியும் அதே மாதிரி கிடைக்காமல், "உங்க அய்யன் செய்வாருல்ல" என்று கேட்டு வந்தார்கள். அய்யனுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன், ஒன்பது நாள். அந்த வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்த காசைவிட அவர் செய்த ஒரு காரியம்தான் பெரிசு. வீட்டைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் என் ஊரையும் பேரையும் சொன்னார். அந்த ஒரு கதவிலிருந்து ஏழு வேலை வந்தது. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு மாடு பூட்டிப் போகிறவர் ஒருவர் காளைக்குப் பித்தளைக் கொம்புக் குப்பி கேட்டார், இன்னொருவர் ஊஞ்சல் சங்கிலி கேட்டார், அதைப் பார்த்து ஓர் ஆர்க்கிடெக்ட் வந்தார். நான் போர்டு வைத்ததில்லை, விளம்பரம் கொடுத்ததில்லை. பேரைச் சொன்னார்கள், வேலை வந்தது.

அதனால்தான் பேரை மறைக்கும்போது வலிக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி என்னிடம் ஜன்னல் கிராதிக்கு மாதிரி ஒன்று கேட்டது. காசு வாங்காமல் செய்து கொடுத்தேன், கொத்துக் கொத்தாகப் புளியம்பூ வைத்த மாதிரி. பதில் இல்லை. எட்டு மாதம் கழித்து அவர்கள் கட்டின வீட்டில் அதே பூவை லேசரில் தகடாக வெட்டி வரிசையாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு அதைக் கைவேலை என்று சொல்லியிருக்கிறார்கள். லேசர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டைத் தகடு வெட்ட நானும் கோவைக்குத்தான் அனுப்புகிறேன், பில்லில் லேசர் கட்டிங் என்றே எழுதுகிறேன். அடித்ததை அடித்தது என்றும் வெட்டினதை வெட்டினது என்றும் சொல்லுங்கள். மாதிரி வேண்டுமானால் காசு கொடுத்து வாங்குங்கள், வேலை உறுதியானால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

திருப்பணிக் கமிட்டியாருக்குத் தனியாக ஒன்று. "சாமி காரியம், பார்த்துப் போட்டுக் குடுங்க ஆசாரி" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு மறுத்துப் பேச வாய் வராது. எங்கள் ஊர் அய்யனாருக்கு நான் அடித்த வேலுக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன், அது என் வேண்டுதல். ஆனால் முன்பின் போகாத ஊரில், மேஸ்திரிக்கும் பெயின்டருக்கும் பந்தல்காரருக்கும் பேசின கூலியைக் கொடுத்துவிட்டு, என்னிடம் மட்டும் சாமியைச் சொல்லிக் குறைத்தால் அது என் தம்பியின் கூலியிலிருந்துதான் போகிறது. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். ஓர் ஊரில் நிலைக்கதவுக்குப் பித்தளைத் தகடு போர்த்தும் வேலை. பாதி முடிந்த பிறகு கமிட்டியில் ஆள் மாறி, மயில் வேண்டாம் யானை போடுங்கள் என்றார்கள். அடித்த தகட்டைத் திரும்ப நிமிர்த்த முடியாது, வெட்டி உருக்கத்தான் வேண்டும். எத்தனை பேர் கமிட்டியில் இருந்தாலும் சரி, படத்தில் ஒரே ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அவரிடமே நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னும் சில சின்ன விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அளவை பூச்சு முடிந்து டைல்ஸ் ஒட்டின பிறகு எடுக்க விடுங்கள், பிளானைப் பார்த்து நான் அடித்த இரண்டு கேட் முக்கால் இஞ்சு இடித்தது. பாதிப் பணம் முன்னால் வேண்டும், இரும்புக்கடையிலும் பித்தளைக்கடையிலும் எனக்குக் கடன் கிடையாது. போனில் வருகிற படத்தைக் காட்டி அப்படியே வேண்டும் என்று சொல்லாதீர்கள். அந்தப் படத்தில் உங்களுக்கு என்ன பிடித்தது என்று சொல்லுங்கள், அதை உங்கள் வாசலுக்குத் தகுந்த மாதிரி நான் செய்கிறேன். அப்புறம் தயவுசெய்து அடிவேலை மேல் கெட்டியான எனாமல் பெயின்ட் பூசாதீர்கள். சுத்தியல் தடம் தெரிவதற்காகத்தான் அத்தனை நாள் அடித்தோம். வீட்டுக்குள்ளே என்றால் தேன்மெழுகும் எண்ணெயும் போதும், வெளியே என்றால் ரெட் ஆக்சைடுக்கு மேல் மெல்லிசாக மேட் கறுப்பு.

அரசாங்கம் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கலைஞர் கைவினைத் திட்டம் வந்திருக்கிறது, 25 வகைத் தொழிலுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 50,000 வரை மானியம். ஒரு பவர் ஹாமர் போட அது உதவும். ஆனால் மிஷினைப் போட்டுவிட்டு வேலைக்கு நான் உங்களிடம்தான் வர வேண்டும். சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்றால் ஊர்ப் பேரே விலை சொல்லும். நம் பக்கத்தில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். ஊர்ப் பேரின் அருமை தெரிந்த ஊர்தான் இது, ஆள் பேரையும் அதோடு சேர்க்கச் சொல்கிறேன்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கிற பித்தளைக் குடம், எவர்சில்வர் தட்டு எதையாவது எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும், கொடுத்தவர் பேர், கல்யாணத் தேதி. என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், கொடுத்த அனுப்பர்பாளையத்துச் செம்பில் அவர் பேர் இருக்கிறது, அவர் போய் இருபது வருஷம் ஆகியும் தினமும் காலையில் அந்தப் பேரைப் பார்க்கிறேன். அந்தச் செம்பைத் தட்டின கை யாருடையது என்று தெரியாது. நான் செய்த பொருளில் அப்படி ஆகக் கூடாது என்று நினைக்கிறேன்.

என் மகளைக் கூட்டிக்கொண்டு கொடுமணல் போயிருந்தேன். சென்னிமலை தாண்டி, நொய்யல் கரையில். பதிற்றுப்பத்து என்கிற சங்க நூலில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இரும்பு உருக்கின உலைகளை அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கும் அந்த இடத்துக்கும் பைக்கில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பானை ஓட்டில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஆட்களின் பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் மகள் கேட்டாள், "நீங்க எதுலயாச்சும் உங்க பேரைப் போட்டிருக்கீங்களாப்பா?"

அந்த வாரமே ஒரு முத்திரை செய்தேன். பழைய அரத்தின் துண்டை நெருப்பில் இளக்கி, முகத்தில் இரண்டு எழுத்து வெட்டி, காய்ச்சி எண்ணெயில் முக்கி, திரும்ப வைக்கோல் நிறம் வரும் வரைக்கும் மெதுவாகச் சூடு காட்டி எடுத்தது. ஓர் எழுத்து எங்கள் அய்யனுடையது, ஒன்று என்னுடையது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கேட் என்றால் கீழ்க் கீலுக்குப் பக்கத்தில், கைப்பிடி என்றால் முதல் படி ஓரத்தில் இருக்கும், தேடினால்தான் தெரியும். இரண்டு பேர் இதுவரை அதைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்கச் சொன்னார்கள், ஒருவர் தேய்த்தே விட்டார். இனிமேல் முத்திரை வேண்டாம் என்கிற வேலையை நான் எடுப்பதாக இல்லை. எஸ்டிமேட்டிலேயே ஒரு வரி எழுதிவிடுகிறேன், அட்வான்ஸ் கொடுக்கும் முன் படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உங்கள் வீட்டுப் படங்களை எங்கே போட்டாலும் மேஸ்திரி, தச்சர், கல் வேலை செய்தவர் பேரோடு எங்கள் பேரையும் ஒரு வரியில் போடுங்கள். அது போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு தடவை பட்டறைக்கு வாருங்கள். செவ்வாய் தவிர எல்லா நாளும் காலை ஏழு மணிக்கு உலை பற்ற வைப்போம், வெயில் ஏறும் முன்னால் வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிவாருங்கள். ஓர் இலை அடித்து முடிக்கும் வரை நில்லுங்கள், கையில் சுத்தியலும் தருகிறேன், நீங்களே ஒன்று அடித்துப் பாருங்கள். ஷூ போட்டு வாருங்கள், சட்டை பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து இரும்புப் பட்டறைக்காரன்